நாற்பத்தேழாம் நம்பர் கருவி

செங்கமலத்தின் புருஷன் எல்லப்பனை 1974ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அரசாங்கம் ஒரு கருவியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. கூடவே நின்று பார்த்த செங்கமலமே அன்றைக்கு அதை நல்ல காரியம் என்றுதான் நினைத்தாள்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில், ஏரிக்கரைக்குக் கீழே, அகில பாரத நிர்தூம ஊர்தி ஆராய்ச்சிக் கழகம் என்று ஒன்று வந்திருந்தது. நிர்தூமம் என்றால் புகை இல்லாதது. புகையே விடாத கார் ஒன்றைக் கண்டுபிடித்துத் தேசத்துக்குக் கொடுப்பதற்காக ஏற்பட்ட ஸ்தாபனம். பெட்ரோல் விலை ஏறியதில் தில்லியில் யாருக்கோ தூக்கம் போய், அந்தக் கவலை ஒரு ஃபைலாகி, ஃபைல் கட்டடமாகி, கட்டடம் முப்பத்திரண்டு ஏக்கர் நஞ்சையின் மேல் வந்து உட்கார்ந்தது. அந்த நீளமான பேர் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. 'புகை ஆபீஸ்' என்று சொல்லிவிட்டார்கள். இயக்குநர் டாக்டர் ஸ்ரீநிவாசராகவனுக்கு அது ஒன்றுதான் இந்த ஊரில் பிடிக்காத விஷயம்.

நிலம் எடுத்தபோது கூட்டம் போட்டு அவரே பேசினார். "மேல்நாட்டான் முதலில் புகையை விட்டான். இப்போது நிறுத்த வழி தெரியாமல் திண்டாடுகிறான். நாம் விடுவதற்கு முன்பே நிறுத்தப் போகிறோம். உலகத்தில் வேறு எந்த தேசமும் இதைச் செய்ததில்லை" என்றார்.

"எங்க ஊர்ல காரே இல்லியே சார்" என்று யாரோ எழுந்து கேட்டார்கள்.

"அதனால்தான் இந்த ஊர்" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "இங்கே பாதி வெற்றி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் உங்கள் நிலம்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஏன் தட்டினோம் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

செங்கமலத்துக்கு அதில் ஒரு ஏக்கர் அறுபது சென்ட் போயிற்று. கல்யாணத்தின்போது அவள் அப்பன் மஞ்சக்காணியாக அவள் பேரிலேயே எழுதிக் கொடுத்த நிலம். நிலம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிரந்தர வேலை என்று தாசில்தார் வாக்குக் கொடுத்திருந்தார். நியாயப்படி அந்த வேலை செங்கமலத்துக்குத்தான் வர வேண்டும். பெண்களை எடுக்க விதியில்லை என்றார்கள். சரி, போகட்டும் என்று புருஷனைக் குளிக்கவைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி அழைத்துக்கொண்டு போனாள்.

ஸ்டோர் கீப்பர் யதிராஜன் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். நெற்றியில் நாமம் கோணாது. பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. தன் பொறுப்பில் இருந்து ஒரு ஆணி கூடக் காணாமல் போனதில்லை என்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. நல்ல மனுஷர். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஆளுக்கு போஸ்ட் சாங்ஷன் ஆகலியேம்மா" என்றார். "மொத்தம் பதினேழு போஸ்ட். பதினேழும் ரொம்பியாச்சு."

"அப்ப எங்க வேலை இன்னாச்சு சாமி? நெலத்துல கட்டடமே கட்டிட்டீங்களே."

யதிராஜன் சங்கடப்பட்டார். அவருக்கும் அந்தச் சமயம் ஒரு தலைவலி இருந்தது. புகையை அளக்கும் மீட்டர் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து, மெட்ராஸ் ஹார்பரில் சுங்க இலாகாவின் பிடியில் எட்டு மாதமாகக் கிடந்தது. மீட்டர் இல்லாமல் சோதனை நடத்தக் கூடாது. சோதனை நடத்தாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு நிதி வராது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் நாற்பத்தேழாம் வரிசை காலியாகவே நின்றது: 'காற்றிலுள்ள மாசை முகர்ந்து காட்டும் கருவி. எண்ணிக்கை ஒன்று.'

அவர் எல்லப்பனின் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்ப்பா, நோக்கு மோப்பம் நன்னாத் தெரியுமோ?"

"தெரியும் சாமி. மழ ரெண்டு ஊரு தள்ளிப் பெஞ்சாக்கூட சொல்லிடுவேன். இவ கருவாட்டுக் கொழம்பு வெச்சா எனுக்கு ஏரிக்கரையிலியே தெரிஞ்சிடும்."

யதிராஜன் இயக்குநர் அறைக்குப் போனார். கால் மணி நேரத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். கருவி வாங்க அனுமதி இருந்தது, ஆள் எடுக்கத்தான் அனுமதி இல்லை. ஆகவே எல்லப்பனை நாற்பத்தேழாம் வரிசையில் ஏற்றினார். மாதாமாதம் அவனுக்குச் சம்பளம் கிடையாது. கருவியின் பராமரிப்புச் செலவு என்று ஒரு தொகை.

"தற்காலிகம்தான். போஸ்ட் வந்த க்ஷணமே இதுலேர்ந்து அடிச்சுட்டு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல ஏத்திடறேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"பேரு எழுதலியா சாமி?" என்று கேட்டாள் செங்கமலம்.

"கருவிக்குப் பேர் போடறதில்லேம்மா. நம்பர்தான்."

அவளுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எட்டு மாதமாக வேலைக்கு அலைந்த கால்கள் அவளுடையவை. போஸ்ட் வந்தால் பேர் வந்துவிடப் போகிறது என்று திரும்பி நடந்தாள்.

வேலை சுலபமானது என்று எல்லப்பன் வந்து சொன்னான். பழைய கறுப்புக் கார் ஒன்றின் எஞ்சினைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இருபத்துநாலு பேட்டரியை அடுக்கி வைத்திருந்தார்கள். நடந்து போகிறவன் முந்திக்கொள்ளும் வேகத்தில் அது நூறடி ஓடும். அப்புறம் தள்ள வேண்டும். காற்றோட்டம் உள்ளே வந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று சோதனைக் கூடத்தின் ஜன்னல் இடுக்கெல்லாம் பசை தடவிய காகிதம் ஒட்டியிருந்தார்கள். புகைக்குழாயின் வாயில் அளக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. பேட்டரி காருக்குப் புகைக்குழாய் கிடையாது. படிவத்தைத் திருத்துவதற்குத் தில்லிக்கு எழுத வேண்டும் என்பதால் ஒரு குழாயை வாங்கிக் காரின் பின்னால் வெல்டிங் வைத்தார்கள். அந்தக் குழாயின் வாயில் மூக்கை வைத்து எல்லப்பன் உட்கார வேண்டும். நாற்றம் எவ்வளவு தெரிகிறதோ அத்தனை விரலைத் தூக்க வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் கையை மூடி வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய கை பூஜ்யம்.

"எத்தினி வெரலு தூக்குன?" என்று முதல் நாள் கேட்டாள் செங்கமலம்.

"மூணு. கொழா ஒண்ணும் நாறல. ஆனா பேட்டரிக்குக் கரண்டு ஏத்தச் சொல்லோ ஆசிட்டு நெடி வருது பாரு, தொண்டைல முள்ளு குத்தறாப்ல கீது. அதுக்குத்தான் மூணு."

மூன்று விரல் என்பது இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விஞ்ஞானத்தில் பொறுமை வேண்டும் என்று சொல்லி, சுவரில் ஒரு வரைபடத்தாளை மாட்டி மூன்று என்று முதல் புள்ளியை அவர் கையாலேயே வைத்தார்.

மார்ச் மாதக் கடைசியில் ஸ்டாக் சரிபார்க்க ஆடிட் ஆட்கள் வந்தார்கள். எல்லாக் கருவியிலும் நம்பர் எழுதியிருக்கிறது, நாற்பத்தேழில் இல்லையே என்று ஆட்சேபம் போட்டார்கள். யதிராஜன் பதறிப்போய்ச் சட்டையில் எழுதினார். சட்டை கருவியின் பகுதி அல்ல என்றார்கள். தோளில் வெள்ளை பெயிண்டால் எழுதினார். அது குளித்ததில் போயிற்று. கடைசியில் வாலாஜாபாத் சந்தையில் பச்சை குத்துகிறவளைக் கூட்டி வந்து, இடது கையில் 47/74 என்று குத்தினார்கள். அவள் வழக்கமாகக் குத்துவது தேளும் கோலமும் சாமி பேரும்தான். நம்பருக்குக் கூலி கூடக் கேட்டாள்.

அன்று ராத்திரி அந்தக் கைக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே செங்கமலம் அழுதாள். "மாட்டுக்குக் கூட நாம சூடு போடறதில்லியேய்யா" என்றாள்.

"போஸ்ட்டு வந்துட்டா மேல முழுக்கைச் சட்ட போட்டுக்கறேன், வுடு" என்றான் எல்லப்பன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சாயங்காலம் ஆகியும் அவன் வீட்டுக்கு வரவில்லை. செங்கமலம் தேடிக்கொண்டு போனாள். ஹாலில் வாழைக் கன்று கட்டி, ஸ்பேனர், சுத்தியல், தராசு, தையல் மிஷின் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். தராசுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் எல்லப்பன் உட்கார்ந்திருந்தான். மூக்கின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு கதம்பச் சரம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறு பூஜை செய்யாமல் எடுக்கக் கூடாதே! நாற்பத்தேழை மட்டும் எடுத்தால் தோஷம் என்றார்கள்.

"நாளைக்குக் காலம்பற ஒம்பது மணிக்கு எடுத்துடலாம்மா" என்றார் யதிராஜன்.

"அதுவரைக்கும் சோறு?"

அவர் யோசித்து, நிவேதனம் என்று சுண்டல் வைக்கலாம் என்றார். செங்கமலம் அந்தச் சுண்டலைக் கையில் அள்ளி, கருவிகளின் நடுவே குனிந்து, புருஷனுக்கு ஊட்டினாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லப்பன்தான் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, நெடுநேரம் நிற்கவில்லை.

அந்த இருமல் போகவே இல்லை. மார்கழிப் பனியில் விடிய விடிய இருமினான். ஒரு நாள் லீவு போட்டு டாக்டரிடம் போகச் சொன்னாள் செங்கமலம். கருவிக்கு லீவு கிடையாது, பழுது உண்டு. பழுது பார்க்க மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். வாலாஜாபாத் டாக்டர் ஒருவர், நாட்டு வைத்தியர் ஒருவர், மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருவர் என்று மூன்று பேரிடம் யதிராஜன் எழுதி வாங்கினார். மாட்டு டாக்டர்தான் குறைவாகப் போட்டிருந்தார். எல்லப்பனை அங்கே அனுப்பி வைத்தார்கள்.

அவர் நல்லவர். மாட்டுக்குப் போடுகிற ஊசி எதையும் போடாமல் மாரில் காதை வைத்துக் கேட்டு, மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'ஆசிட் ஆவி. மூக்கும் தொண்டையும் வெந்து போயிருக்கின்றன. இந்த மனுஷனை அந்த அறையில் உட்கார வைக்காதீர்கள்.' தாள் ஆபீசுக்கு வந்தது. மனுஷன் என்று குறிப்பிட்டிருப்பதால் நாற்பத்தேழுக்குப் பொருந்தாது என்று குறிப்பெழுதிக் கோப்பில் வைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் ஆராய்ச்சி முன்னேற ஆரம்பித்தது. மூன்று விரல் இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. 1976 கார்த்திகையில் ஒரு நாள் எல்லப்பன் கையை மூடியபடியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பூஜ்யம்! இயக்குநர் கூடத்துக்குள் ஓடி வந்து காரைத் தொட்டுக் கும்பிட்டார். ஸ்டாஃப் எல்லோருக்கும் லட்டு வந்தது. ஸ்டாஃபுக்கு மட்டும்தான்.

அன்றைக்கும் அவர் பேசினார். "இரண்டே வருஷத்தில் மூன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வந்திருக்கிறோம். காரில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஒரு திருகாணியைக் கூட மாற்றவில்லை என்று பெருமையோடு சொல்வேன். விடாமுயற்சி ஒன்றினாலேயே சாதித்தோம்."

செங்கமலம் வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது வாசலில் உட்கார்ந்திருந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடி பிடித்துத் தீய்ந்த சோற்றைச் சாதாரணமாகச் சாப்பிட்டான். ஒரு நாள் ஊசிப்போன குழம்பை, அவள் கொட்டுவதற்கு எடுத்து வைத்ததை, தானே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான். அவள் கிருஷ்ணாயிலில் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"கண்ண மூடிக்கய்யா."

மூடிக்கொண்டான். துணியை மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இன்னா இது, சொல்லு."

"இன்னாது எது? ஒண்ணுமே இல்லியே."

செங்கமலம் துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூக்கு செத்துப் போச்சேய்யா ஒனக்கு! கெளம்பு, நாளைக்கே ஸ்டோர் சாமி கைல சொல்லிடலாம்."

எல்லப்பன் கண்ணைத் திறந்து துணியைப் பார்த்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். "வேணாம்மே" என்றான் மெதுவாக. "மாசி மாசம் டில்லிலேந்து ஆபிசருங்க வராங்க. அவங்க முன்னால பூஜ்யம் வந்துட்டா சர்டிபிகேட்டு. சர்டிபிகேட்டு வந்துட்டா பத்து போஸ்ட்டு. மொத போஸ்ட்டு என்துன்னு டைரக்டரே சொல்லிக்கீறாரு. மூக்கு அவிஞ்சு போச்சுன்னு இப்ப போய் சொன்னா, ரிப்பேரான சாமான்னு தூக்கி வெளிய போட்ருவாங்க. நெலமும் போயி வேலையும் போயி இன்னா பண்ணுவோம்? ரெண்டு மாசம் பொறுத்துக்க. ஒரு தபா அந்த ரிஜிஸ்டர்ல எம் பேர எழுதட்டும். அப்பால மூக்கப் பாத்துக்கலாம்."

செங்கமலம் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்தது. அந்த இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டதற்காக அவள் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

தில்லிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். கார் சோதனைக் கூடத்துக்குள் நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் சக்கரம் சுற்ற வேண்டும். பேட்டரிக்கு அந்தச் சக்தி ஜன்மத்தில் கிடையாது; பத்து நிமிஷத்தில் படுத்துவிடும். உதவிப் பொறியாளர் சுப்பிரமணி திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தான், வேலை போகக் கூடாது. இயக்குநர் அவனை அறைக்குள் கூப்பிட்டு, "பேட்டரிக்கு ஒரு கை உதவி தேவைப்பட்டால் செய்துகொடு. எப்படி என்று எனக்குச் சொல்லாதே" என்றார். சுப்பிரமணி ஒரு ஸ்கூட்டர் எஞ்சினை வாங்கி வந்து, காரின் டிக்கிக்குள் மறைத்துப் பொருத்தினான். அதன் சத்தம் அடங்கவும் புகை கண்ணுக்குத் தெரியாமலிருக்கவும், ஒரு தண்ணீர் டப்பாவுக்குள் விட்டு எடுத்து, வெல்டிங் வைத்த அந்தப் பொய்க் குழாயில் சேர்த்துவிட்டான். பெட்ரோல் வாடையை மட்டும் தண்ணீர் தடுக்காது. ஜெர்மன் மீட்டர் இன்னும் ஹார்பரிலேயே கிடந்ததால், வாடையைச் சொல்லக்கூடிய கருவி ஒன்றுதான் இருந்தது. அது மூன்று மாதமாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. எப்படியும் காட்டும் என்று அவன் நம்பினான். ஏன் காட்டுகிறது என்று அவனும் கேட்கவில்லை.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, ஊர்ப் பெண்களைப் பூரண கும்பத்தோடு வரச் சொன்னார்கள். செங்கமலமும் பித்தளைக் குடத்தோடு போனாள். சோதனைக் கூடத்தின் ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி வைத்திருந்ததால் உள்ளே நடப்பது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லப்பன் குழாய்க்கு நேரே ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் கையை மூடி வைத்தான். புதுச் சட்டை. முழுக்கை. கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

"உள்ள ஒண்ணும் ஆவாதே தம்பி?" என்று சுப்பிரமணியைக் கேட்டாள்.

"பயப்படாதீய அக்கா. பேட்டரி வண்டிதான" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சரியாகப் பதினோரு மணிக்குக் கதவை மூடி, இடுக்கில் காகிதம் ஒட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். சக்கரம் சுழன்றது. சுப்பிரமணி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணாடி வழியாக எல்லப்பனின் கையைப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதினான். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"கனவான்களே! நேர்மையான விஞ்ஞானத்துக்குப் பயம் கிடையாது. இதோ பாருங்கள், ஒரு சாதாரணக் கிராமத்தான் மூக்கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவனுக்கு எங்களிடம் சம்பளம் கூடக் கிடையாது!"

கைதட்டல். பதினொன்றரை மணிக்கு எல்லப்பன் தலையை ஒரு தரம் உதறிக்கொண்டான். நெற்றியைப் பிடித்துக்கொண்டான். எழுந்திருக்கப் போகிறான் என்று செங்கமலம் நினைத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் அரை மணி நேரம்தான் என்று அவன் எண்ணியிருப்பான். அவளுக்கு அவனைத் தெரியும். அப்புறம் அவன் தலை மெதுவாகக் காரின் மேல் சாய்ந்தது. கை மூடியபடியே இருந்தது.

செங்கமலம் குடத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவுக்கு ஓடினாள். கதவிடுக்கில் காகிதம் ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. மூக்கை வைத்தாள். பெட்ரோல் நெடி குப்பென்று தலைக்கு ஏறியது.

"ஐயோ, பொக வருது! உள்ள பொக கீது! தொறங்க, எங்க வூட்டுக்காரரு வுழுந்துட்டாரு!"

வாட்ச்மேன் அவளைப் பிடித்துக்கொண்டான். தில்லி அதிகாரி என்ன சத்தம் என்று திரும்பினார். இயக்குநர் மைக்கை மூடிக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அம்மா, நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லை. உங்களுக்கு வாடை வந்தால் அது கணக்கில் சேராது. உள்ளே இருக்கிற கருவி என்ன காட்டுகிறது, சுப்பிரமணி?"

சுப்பிரமணி கண்ணாடியைப் பார்த்தான். "பூஜ்யம், சார்" என்றான்.

அந்த வரியை எழுதினான். அது பதினொன்று ஐம்பது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு பூஜ்யம் எழுதினான். செங்கமலம் வாட்ச்மேனின் கையைக் கடித்துவிட்டு, மாவிலையும் தேங்காயும் சரிய, பூரண கும்பத்தைக் கண்ணாடியின் மேல் வீசி எறிந்தாள்.

கண்ணாடி நொறுங்கியதும் முன்வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்கள். ஆனால் பன்னிரண்டு வரிசையில் பதினோரு பூஜ்யம் ஏறியாகிவிட்டது; அதற்கப்புறம் வந்த வாடையைப் பதிவு செய்யப் படிவத்தில் இடமில்லை. அவள் உடைந்த விளிம்பின் மேலேயே ஏறி உள்ளே குதித்தாள். கையெல்லாம் ரத்தம். எல்லப்பனை மடியில் போட்டு அசைத்தாள், அறைந்தாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி அதுவரை அவனை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அன்று பொழுது சாய்கிற வரையில் உடலைக் கொடுக்கவில்லை. அரசாங்கச் சாமான் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் கேட் பாஸ் வேண்டும். திரும்பி வரும் சாமானுக்கு ஒரு பாஸ். திரும்பி வராத சாமானுக்கு வேறு பாஸ், அதற்குக் கழிவுக் கமிட்டி கூடி, பயனற்றது என்று எழுத வேண்டும். யதிராஜன்தான் கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ரிஜிஸ்டரை மூடிவிட்டுக் கேட்டைத் தானே போய்த் திறந்துவிட்டார். உடலை மாட்டு வண்டியில் ஏற்றும்போது அவரும் ஒரு கை பிடித்தார்.

பதினேழாம் நாள் காலையில் அவர் செங்கமலத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார். காரியம் முந்தின நாள் முடிந்திருந்தது. அவள் கையில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. யதிராஜன் இளைத்துப்போயிருந்தார். அக்குளில் ஒரு கவர்.

"ஒரு ஆர்டர் வந்திருக்கும்மா" என்றார். "எல்லப்பனுக்குப் போஸ்ட் குடுத்திருக்கா."

செங்கமலத்துக்குப் புரியவில்லை. "செத்தவருக்கா?"

அவர் திக்கித் திக்கிச் சொன்னார். சோதனையின் நடுவே கருவி பழுதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் பூஜ்யங்கள் செல்லாது. பூஜ்யங்கள் செல்லாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது. ஆகவே கருவி எதுவும் பழுதாகவில்லை, உள்ளே இருந்தவர் ஒரு ஊழியர், அவர் சொந்த உடல்நலக் குறைவால் காலமானார் என்று விசாரணைக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. ஊழியர் என்றால் நியமன உத்தரவு இருக்க வேண்டும். அதனால் போட்டார்கள். தகுதிகாண் பருவத்தின் முதல் நாளே காலமானதால் குடும்பத்துக்கு வேறு எதுவும் வராது. அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு நீங்கியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் கூட இருந்தது. அதைத் தான் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"நான்தாம்மா அன்னிக்கு அந்த வரிசையிலே எழுதினேன்" என்றார். "உபகாரமா இருக்கட்டும்னுதான் எழுதினேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. கவரைக் காட்டினாள்.

"இன்னா எழுதிக்கீது, படி சாமி."

யதிராஜன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "திரு. எல்லப்பன் அவர்கள், உதவியாளர் பதவியில், பிப்ரவரி இருபத்தஞ்சாம் தேதி முற்பகல் ஒம்பது மணி முதல் நிரந்தரமாக்கப்படும் பொருட்டு நியமிக்கப்படுகிறார்."

"அந்தப் பேரு இருக்கற எடத்த மட்டும் இன்னொரு தபா."

"திரு. எல்லப்பன் அவர்கள்."

தெருவில் வாலாஜாபாத் பஸ் போயிற்று.

"அவரு எத்தினி மணிக்குப் பூட்டாருன்னு எழுதிக்கீறீங்க?"

"டாக்டர் பதினொண்ணே முக்கால்னு எழுதியிருக்கார்."

செங்கமலம் வாய்க்குள் எண்ணினாள். "ஒம்போதுலேந்து பதினொண்ணே முக்கா. ரெண்டே முக்கா மணி நேரம்" என்றாள். "ரெண்டே முக்கா மணி நேரம் எங்க வூட்டுக்காரர மனுசனா வெச்சிருந்தீங்க. அதுக்கு எங்கப்பன் குடுத்த ஒரு ஏக்கரா அறுவது சென்ட்டு."

யதிராஜன் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து வைத்து, உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கு இரண்டு இடத்தில் கைநாட்டு வேண்டும் என்றார். வலது கையில் கட்டு இருந்ததால் அவள் இடது கையால் வைத்தாள்.